பேணுகைக் கடப்பாடும் கூலியின் காப்பும்: பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் குறித்துக் கோலார் தங்க வயலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் களமும்

கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளைக்குச் சோறும் துணியும் படிப்பும் மருந்தும் தரவேண்டியவர் யார், எவ்வளவு தரவேண்டும், தரவேண்டியது எவ்வழியாகப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். முதல் வினாவுக்கு இந்தியச் சட்டம் தெளிவான விடை வைத்திருக்கிறது. இரண்டாவதற்குப் பாதி விடை இருக்கிறது. மூன்றாவதில்தான் பிள்ளைகள் பசித்திருக்கிறார்கள். நம் கவனமும் பெரிதும் அங்கேயே நிற்கும்.

களமாகக் கோலார் தங்க வயலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை ஆகிய இடங்களில் கம்பெனியின் வரிசைவீடுகளான லைன் வீடுகளில் குடியேறின. 1956-இல் மைசூர் அரசும், பின்னர் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன; 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. மூன்று தலைமுறைகளாக இவ்வூரில் ஒரு தகப்பன் எங்கே வேலை செய்கிறான், மாதம் என்ன வாங்குகிறான் என்பது தெருவுக்கே தெரிந்த செய்தி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று விடியுமுன்பே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவர் அன்று எந்தக் கட்டடத்தில், எந்த மேஸ்திரியிடம், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்பதை வீட்டிலுள்ளவர்களே மாலையில் கேட்டுத்தான் அறிய வேண்டும். வீடே பிரிந்துவிட்டால் அதைக் கேட்பதற்கும் ஆளில்லை.

பெற்றோர் இருவரும் உயிரோடிருந்து தனித்தனியே வாழும் நிலையையே இங்குப் பிரிவு என்கிறோம். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. வழக்குப் போடாமல் தாய்வீடு போய்விட்ட பெண்ணின் பிள்ளையும் நம் ஆய்வுக்குள் வருகிறது. சுரங்கத்தில் உயிரிழந்த தந்தையரின் பிள்ளைகள் நிலை தனியே ஆராயத்தக்கது. அதை இங்குத் தொடவில்லை.

2. வரையறைகள்

பேணுகை என்பது உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் ஆகிய ஐந்தும் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இவ்வைந்தையும் எண்ணிச் சொல்கிறது. மணமாகாத மகளுக்கு நியாயமான திருமணச் செலவையும் சேர்க்கிறது. மக்கள் நாவில் வழங்கும் ஜீவனாம்சம் என்ற சொல் மனைவிக்குரியதையும் பிள்ளைக்குரியதையும் ஒன்றாகக் குறிக்கிறது. இரண்டும் வேறு உரிமைகள் என்பதால், பிள்ளைக்கு உரியதை மட்டும் குறிக்கப் பிள்ளைப் பேணுகை என்று இங்கே எழுதுகிறோம்.

கடப்பாடு என்பது பேணுகையைத் தரவேண்டிய சட்டப் பிணைப்பு. அளவீடு என்பது அக்கடப்பாட்டை மாதம் இத்தனை ரூபாய் என்று வரையறுக்கும் செயல். கைசேர்ப்பு என்பது வரையறுத்த தொகை பிள்ளையை வளர்ப்பவரின் கையில் உரிய மாதத்தில் வந்து சேர்வது. இம்மூன்றும் படிநிலைகள். முதற்படி முழுதாக நிறைவேறி மூன்றாம்படி வெறுமையாக இருக்கக்கூடும். தங்க வயலில் பெரும்பாலும் நேர்வது அதுவே.

இன்னும் இரண்டு சொற்கள் தேவை. ஒருவர் உண்மையில் பெறும் பணம் ஈட்டுவருவாய். உடல்நலமும் கைத்தொழிலும் உடைய ஒருவர் முயன்றால் பெறக்கூடியது ஈட்டுதிறன். தந்தையின் ‘போதிய வசதி’ என்று சட்டம் சொல்லும்போது இரண்டையும் கருதுகிறது. உடல் வலிமையுள்ள கணவர் கூலிவேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

3. கடப்பாட்டின் மூலங்கள்

கடப்பாடு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் இருவகைச் சட்டங்கள் தென்படுகின்றன. மதம் பாராமல் எல்லோருக்கும் பொதுவானவை ஒருவகை. மதவழிக் குடும்பச் சட்டங்கள் மற்றொன்று.

பொதுச் சட்டத்தின் வரலாறு நீண்டது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய்க்கு மிகாமல் வழங்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. 1923-இல் அது 100 ஆயிற்று, 1955-இல் 500 ஆயிற்று. 1973-இல் புதிய சட்டம் வந்தபோது 125-ஆம் பிரிவாக எண் மாறியது. 500 ரூபாய் மாறவில்லை. அந்த 500 குடும்பம் முழுமைக்குமா, ஒவ்வொருவருக்குமா என்ற ஐயத்தை 1978-இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் தீர்த்துவைத்தார்: உரிமை கோரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே என்றார். பிள்ளைப் பேணுகை தாயின் ஜீவனாம்சத்துக்குள் கரைந்துவிடாமல் காத்த தீர்ப்பு அது.

உச்சவரம்பு நீங்கிய ஆண்டு 2001. அவ்வாண்டுச் செப்டம்பர் 24-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 500 ரூபாய் வரம்பை எடுத்துவிட்டது. வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கவும் வழி திறந்தது. அறிவிப்பு எதிராளிக்குச் சேர்ந்த 60 நாட்களுக்குள் அந்த மனு முடிவு காண வேண்டும். தங்க வயலைப் பொறுத்தவரை இந்த ஆண்டு நம்மை நின்று யோசிக்க வைக்கிறது. சுரங்கம் இயங்கிச் சம்பளப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்த காலம் முழுதும் சட்டம் பிள்ளைக்கு 500 ரூபாய்க்கு மேல் தர மறுத்தது. தகுதிக்கேற்பத் தரலாம் என்று சட்டம் கதவைத் திறந்தபோது சம்பளப் பட்டியல் மறைந்து ஏழு மாதம் ஆகப்போகிறது.

2024 ஜூலை 1 முதல் அந்த 125-ஆம் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக வழங்குகிறது. இதன்கீழ் உரிமை பெறும் பிள்ளைகள் இருவகையினர்: முறைப்படி மணந்தவர்க்குப் பிறந்ததாயினும் அல்லாததாயினும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மைனர் பிள்ளை, வயது வந்தபின்னும் உடல் அல்லது மனக் குறைபாட்டால் இயலாத நிலையில் உள்ள, மணமான மகள் நீங்கலான பிள்ளை. மனைவிக்கு இதே பிரிவில் சில தடைகள் உண்டு. காரணமின்றிக் கணவனோடு வாழ மறுத்தாள் என்றோ, பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழ்கிறார்கள் என்றோ காட்டினால் அவள் உரிமை போய்விடும். அத்தடை ஒன்றும் பிள்ளையைத் தொடாது. லைனில் பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசும்போது “அவளேதானே வீட்டை விட்டுப் போனா” என்ற வாதம் எழுந்து பிள்ளையின் பங்கையும் சேர்த்து அடித்துவிடுகிறது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. அதுபோலவே, “இனி எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்” என்று முத்திரைத்தாளில் தாய் கையெழுத்திட்டாலும், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

மதவழிச் சட்டங்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இந்து ஆணையும் பெண்ணையும் ஒருசேரப் பிணைக்கிறது. பிள்ளையைக் காப்பது தந்தைக்கு மட்டும் உரியதென்று அது சொல்லவில்லை. இந்து என்ற சொல்லுக்குள் அச்சட்டம் பௌத்தரையும் அடக்குகிறது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளைவிட்டிருந்த ஊரில் இது பெயரளவுச் செய்தி ஆகாது. கிறித்தவருக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 41 முதல் 44 வரையான பிரிவுகள் உள்ளன. அவை மணமுறிவு வழக்கோடு சேர்ந்தே வரும். முஸ்லிம் பிள்ளைகளைப் பொறுத்தவரை, 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்தான தாய்க்குக் குழந்தையின் இரண்டு வயது வரை மட்டுமே தொகை சொல்கிறது என்ற வாதத்தை 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிள்ளையின் சொந்த உரிமை பொதுச் சட்டத்தில் அப்படியே நிற்கிறது என்றது.

இந்துவும் கிறித்தவரும் மணந்துகொள்வது தங்க வயலில் புதுமையன்று. அத்தகைய இணையர் பிரியும்போது எந்த மதச் சட்டம் பொருந்தும் என்று தேடிக் காலம் கழிப்பதைவிட 144-ஆம் பிரிவின் வாசலில் நிற்பதே பிள்ளைக்கு நல்லது. தாய் வாழும் ஊரிலேயே மனுப் போடலாம்; தந்தை பெங்களூரிலோ ஓசூரிலோ ஆம்பூரிலோ இருந்தாலும் அவர் இருக்குமிடத்து மாஜிஸ்திரேட் வழியாக உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம். உத்தரவின் நகல் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது.

வயதைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடக்க முடியவில்லை. பொதுச் சட்டத்தில் உடல்நலமுள்ள பிள்ளையின் உரிமை 18-ஆம் பிறந்தநாளோடு முடிகிறது. பி.யு.சி. முடித்து ஐ.டி.ஐ.யிலோ டிப்ளமோவிலோ சேர்ந்திருக்கும் வயது அது. இந்து மணமாகாத மகளுக்கு 20-ஆம் பிரிவு தொடர்ந்து துணைநிற்கிறது என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்கு உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டும். மகனுக்கு அந்த வழியும் இல்லை. தகப்பன் கைவிட்ட மகன் இரண்டாம் ஆண்டுப் படிப்பை நிறுத்திவிட்டுத் தானும் அதே விடியற்கால ரயிலில் ஏறுகிறான் என்றால், அந்த ரயிலில் அவனை ஏற்றிவிட்டதில் சட்டத்தின் வயது வரம்புக்கும் பங்கு உண்டு.

4. தந்தையர் வகை

அளவீட்டுக்குச் செல்லுமுன் கடப்பாடுடையோரை வகுத்துக்கொள்வது அவசியம். இங்குத் தந்தை என்று எழுதுவது பெரும்பான்மை நோக்கியே. பிள்ளை தந்தையிடம் வளரும்போது ஈட்டும் தாயும் இதே வகைகளுள் அடங்குவார்.

மாதச் சம்பளக்காரர் முதல் வகை. 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். தொழிற்சாலை ஊழியர்கள், ஆசிரியர்கள், பெங்களூர் நிறுவனங்களில் நிரந்தர வேலையில் இருப்போர் இதில் சேர்வர். இரண்டாம் வகையினர் சுரங்கம் மூடியபோது மொத்தத் தொகை பெற்று வெளியேறியவர்களும் ஓய்வூதியம் பெறுவோரும். காலம் செல்லச்செல்ல இவ்வகை குறைந்து வருகிறது. இவர்களின் பிள்ளைகள் பலர் இப்போது தாங்களே பெற்றோர். மூன்றாம் வகை நாட்கூலியர்: கட்டட வேலை, பெயிண்ட், டைல்ஸ், சுமைதூக்கல், செக்யூரிட்டி, வண்டி ஓட்டல். நான்காவது, உழைக்க இயலாதவர். நிலத்தடியில் தூசியை மூச்சிழுத்துச் சிலிகோசிஸ் கண்ட முன்னாள் சுரங்கத் தொழிலாளியிடம் ஈட்டுவருவாயும் இல்லை, ஈட்டுதிறனும் இல்லை. அவர் மீது உத்தரவு போடுவது காகிதத்துக்கே பயன்படும்.

மூன்றாம் வகையே ஊரின் இன்றைய முகம். எஞ்சிய ஆராய்ச்சி அவர்களைச் சுற்றியே செல்லும்.

5. அளவீடு

இந்தியச் சட்டம் தொகைக்குச் சூத்திரம் எதுவும் தரவில்லை. பிள்ளையின் தேவை, பெற்றோரின் வசதி, பிரியுமுன் இருந்த வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை நீதிபதி சீர்தூக்குகிறார். ஆயினும் தீர்ப்புகளிலிருந்து இரண்டு முறைகளைப் பிரித்தெடுக்கலாம்.

முதலாவதைப் பங்குமுறை என்போம். 2004-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பின்பற்றியது இது. குடும்ப வருவாயைப் பங்குகளாக்கி, வெளியே சென்று ஈட்டுபவருக்கு அதன் செலவுக்காக இரண்டு பங்கும் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கும் தருவது. இரண்டாவது விகிதமுறை. பெற்றோர் இருவரும் ஈட்டும்போது பிள்ளையின் தேவையை அவரவர் வருவாய் விகிதத்தில் பகிர்வது. 2000-இல் பத்மஜா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்தைக்கும் தாய்க்கும் 2:1 என்று இவ்வாறு பகிர்ந்தது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். தந்தை பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறார். நாளொன்றுக்கு 700 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்று கொண்டால் 15,400 ரூபாய். பிள்ளைகள் இருவர், தாய்க்கு வருவாய் இல்லை. பங்குமுறைப்படி மொத்தம் ஐந்து பங்கு, ஒரு பங்கு 3,080. தந்தைக்கு 6,160, தாய்க்கு 3,080, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 6,160. இப்போது தாய் ஒரு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் 7,700 வாங்குகிறார் என்றும், பிள்ளைகளின் தேவை மாதம் 9,000 என்றும் வைப்போம். விகிதமுறைப்படி தந்தை 6,000, தாய் 3,000. இந்தக் கணக்கில் ஒரு குறை தெரிகிறது. தாயின் 3,000-த்தோடு அவர் வேலை முடிந்து வந்தபின் சமைத்து, துவைத்து, காய்ச்சலில் இரவு விழித்திருக்கும் உழைப்பும் பேணுகையில் சேர்கிறது. அதற்கு விகிதத்தில் இடமில்லை. ஆகவே விகிதமுறையைக் கையாளும் நீதிமன்றம் பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்ப்பவரின் பங்கைக் கொஞ்சம் குறைத்தே வைப்பது நேர்மை என்று கருதுகிறோம்.

முறை எதுவாயினும் 15,400 என்ற முதல் எண் கிடைத்தாக வேண்டும். சிக்கல் அங்கே தொடங்குகிறது. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஓர் ஒழுங்கை வகுத்தது. இரு தரப்பும் வருவாய், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். தொகை மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். பிரமாணப் பத்திரத்தின் மாதிரி வடிவங்களும் தீர்ப்போடு இணைக்கப்பட்டன. வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், முதலீடு, காப்பீடு என்று நிரல்பட நீளும் அப்படிவத்தை நிரப்ப, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளோரிடமும் தற்காலிகக் கூலித் தொழிலாளரிடமும் வற்புறுத்த வேண்டாம் என்று அதே தீர்ப்பு விலக்களித்தது. ஏழையை அலைக்கழிக்கக் கூடாதென்ற இரக்கத்தில் பிறந்த விலக்கு அது. அந்த இரக்கத்தை மதிக்கிறோம். ஆனால் விலக்குப் பெற்ற தந்தை மாஜிஸ்திரேட் முன் நின்று “வாரத்துல ரெண்டு மூணு நாள்தான் சாமி வேலை கிடைக்குது” என்று சொன்னால், அவரது வாய்மொழிக்கு எதிராகத் தாயிடம் வைக்க ஒரு தாளும் இல்லாமல் போகிறது. முதல் வகைத் தந்தையின் பிள்ளைக்குப் படிவம் கிடைத்தது. மூன்றாம் வகைத் தந்தையின் பிள்ளைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பச் சான்றுகள் இல்லாமல் இல்லை. தேடும் வழக்கம்தான் குறைவு. குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு அவற்றுள் முதன்மையானது. கர்நாடகத்தில் இது வட்டாரம் வாரியாக வேறுபடுகிறது. பெங்களூர் மாநகர்ப் பகுதிக்கு விகிதம் கூடுதல். தங்க வயலில் வசிக்கிறார் என்பதற்காகத் தங்க வயல் விகிதத்தைக் கொள்வது தவறு. உழைப்பு விற்கப்படும் இடம் பெங்களூர் என்றால் பெங்களூர் விகிதத்தைக் கொண்டு ரயில் சீசன் டிக்கெட்டுச் செலவைக் கழிப்பதே பொருந்தும். அந்த சீசன் டிக்கெட்டே ஒரு சான்று: வாரத்தில் இரண்டு நாள் வேலை உள்ளவர் மாதம் முழுதுக்கும் சீசன் எடுப்பதில்லை. கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பதிவு மற்றொன்று. சட்டப்படி, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாளுக்குக் குறையாமல் கட்டட வேலை செய்தவரே அதில் பதிவுபெற முடியும். 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவிலும் தொழில் விவரம் இருக்கிறது. மேஸ்திரி ஃபோன்பே வழியாக அனுப்பிய வாரக்கூலி வங்கிக் கணக்கில் தேதியோடு பதிவாகி நிற்கிறது. இவற்றை வரவழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்டு மனுப் போட வழக்கறிஞர் வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பாராமல் 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. தங்க வயலின் பெரும்பான்மைத் தாய்மார் இதில் இரண்டு தகுதிகளால் வருகிறார்கள்.

6. கைசேர்ப்பு

உத்தரவு கிடைத்துவிட்டது, தொகை வரவில்லை. சட்டம் இங்கே இரண்டு கருவிகளைத் தருகிறது: ஜப்தி, சிறை.

சிறையை முதலில் பார்ப்போம். காரணமின்றித் தவறும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையிலடைக்கலாம். சிறை சென்றால் பாக்கி தீர்ந்தது என்ற நம்பிக்கை மக்களிடையே பரவலாக உள்ளது. 1988-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது: சிறை என்பது பணத்தை வரவைக்கும் வழி, பணத்துக்கு ஈடு அன்று, பணம் கொடுத்தால் மட்டுமே கடப்பாடு தீரும். வாரண்டுக்கு ஓராண்டுக் கெடுவும் உண்டு. தொகை கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். இந்தக் கெடு பாக்கியை அழித்துவிடாது, இந்த ஒரு கருவியைப் பயன்படுத்துவதற்கு மட்டுமே பொருந்தும் என்று தமிழகத்திலிருந்து சென்ற பூங்கொடி வழக்கில் 2013-இல் விளக்கம் வந்தது. நடைமுறையில், சம்பளக்காரருக்கு வாரண்ட் என்ற சொல்லே போதும். அலுவலகத்தில் தெரிந்துவிடும் என்று பணத்தைக் கட்டிவிடுகிறார். நாட்கூலிக்காரர் உள்ளே போனால் ஒரு மாதக் கூலி போகிறது, மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்கிறார், பிள்ளைக்கு வரவேண்டியது மேலும் தள்ளிப்போகிறது. இதை அறிந்த தாய்மார் பலர் வாரண்ட் வரை போக விரும்புவதில்லை.

எஞ்சியது ஜப்தி. இக்கட்டுரையின் மையம் இங்கே இருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எந்தெந்தச் சொத்தை ஜப்தி செய்யக்கூடாது என்று வரிசைப்படுத்துகிறது. சம்பளத்தைப் பற்றி அது நுட்பமாகப் பேசுகிறது. சாதாரணக் கடனுக்கான தீர்ப்பென்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாதவை. ஜீவனாம்சத் தீர்ப்பென்றால் விலக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே; மூன்றில் இரண்டு பங்குவரை ஜப்தி செய்யலாம். கடன்காரனும் பிள்ளையும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே இங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவனிடமிருந்து சம்பளத்தைக் காப்பது குடும்பத்துக்காக. அந்தக் குடும்பமே வந்து கேட்கும்போது காப்பு தளர வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

அதே பிரிவில் இன்னோர் உட்கூறு உள்ளது. தொழிலாளர், வீட்டு வேலையாட்கள் ஆகியோரின் கூலி, பணமாயினும் பொருளாயினும், ஜப்தியிலிருந்து விலக்கப்படுகிறது. முழுவதும். இங்கே கடனுக்கும் ஜீவனாம்சத்துக்கும் வேறுபாடு செய்யப்படவில்லை. மொத்தத் தொகைகளின் நிலையும் இதுவே: பணிக்கொடையையும் வருங்கால வைப்பு நிதியையும் அவற்றுக்குரிய சட்டங்கள் ஜப்திக்கு அப்பால் வைத்துள்ளன.

இம்மூன்று விலக்குகளும் தொழிலாளர் நலனுக்காக எழுந்தவை. மார்வாடிக் கடையிலும் தண்டல்காரரிடமும் சிக்கிக்கொண்ட தொழிலாளியின் அடுப்பு அணையாமல் இருக்க எழுப்பிய அரண் அது; அதைத் தகர்க்க வேண்டும் என்று சொல்வது நம் நோக்கமில்லை. தங்க வயலில் நேர்ந்ததோ இது: அரணுக்குள் இருக்க வேண்டிய பிள்ளை, பெற்றோர் பிரிந்த அன்றே அரணுக்கு வெளியே நின்றுவிட்டது. அரண் இப்போது பிள்ளைக்கு எதிராக நிற்கிறது. சுரங்கம் இருந்தவரை இந்த முரண் அவ்வளவாக உறுத்தவில்லை. தொழிலாளியின் ஊதியம் சட்டப்படி கூலியா சம்பளமா என்று வாதிட இடமிருந்தாலும், தொகை எவ்வளவு, யார் தருகிறார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. யூனியனில் ஒரு வார்த்தை, லைனில் ஒரு பெரியவரின் கண்டிப்பு, இவையே பல நேரம் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தன. சுரங்கம் மூடியபின் தந்தையர் முதல் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு மொத்தமாக நகர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஜப்திக்குரிய சம்பளம் போய், ஒரு ரூபாயும் ஜப்திக்கு உட்படாத கூலி வந்தது. தகப்பனின் வேலை தாழ்ந்ததோடு பிள்ளையின் உரிமையும் சட்டத்தின் கண்ணில் தாழ்ந்துவிட்டது.

மாஜிஸ்திரேட் உத்தரவில் இன்னொரு வழி இருக்கிறது: அபராதத் தொகையை வசூலிக்கும் முறையில் அசையும் பொருளை ஜப்தி செய்வது, கலெக்டர் வழியாக நிலவரிப் பாக்கிபோல வசூலிப்பது. லைன் வீட்டில் ஒரு பீரோவும் டிவியும் தவிர ஜப்திக்கு எதுவும் இராது, வீடு கம்பெனியினுடையது. நிலவரிப் பாக்கி என்ற வழி நிலமுள்ளவரை நோக்கி எழுந்தது. நிலமற்றவர்களாய் நான்கு தலைமுறை வாழ்ந்த ஊருக்கு அதில் பயன் சிறிது. உறைவிடத்தில் மட்டும் ஒரு வலுவான பிடி உள்ளது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் கூட்டு இல்லத்தில் வாழும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. ஒதுக்கீடு கணவர் பெயரில் இருக்கிறதென்று லைன் வீட்டிலிருந்து தாயையும் பிள்ளையையும் வெளியேற்ற நினைப்பவர்க்கு எதிராக இதைப் பயன்படுத்தலாம். பேணுகையின் ஐந்து கூறுகளில் ஒன்று பணமின்றியே கைசேரும் வழி இது.

7. திருத்த நெறிகள்

பிறநாட்டு ஏற்பாடுகளை எடுத்துக்காட்டுவோர் ஆஸ்திரேலியாவைச் சொல்வதுண்டு. 1988 முதல் அங்கு அரசே வரித்துறை வழியாகப் பிள்ளைப் பேணுகையை வசூலித்துத் தரும் முறை தொடங்கியது. பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி நிறுவனம் ஏற்பட்டது. இவ்விரண்டும் வரித்துறைக்கோ சம்பள அலுவலகத்துக்கோ தெரியும் வருவாயின் மேல் நிற்பவை. நம் மூன்றாம் வகைத் தந்தையரை அவை எட்டா. ஜெர்மனி 1980 முதல் கடைப்பிடிக்கும் முன்பண முறை நமக்கு நெருக்கமானது. தந்தை தராத மாதத்தில் அரசு ஒரு குறைந்தபட்சத் தொகையைப் பிள்ளைக்குத் தந்துவிடும். பின் தந்தையிடம் அரசு வசூலிக்கும். தொகை சிறிது. ஆனால் வசூலின் பாரம் தாயின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாறிவிடுகிறது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் உறுப்பு, பெற்றோரிடமிருந்து பேணுகைத் தொகையைப் பெற்றுத்தர எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. முன்பண முறைக்கு அடிப்படை அதில் உள்ளது.

இதைவிடச் சிறியதும் உடனடியாகச் செய்யத்தக்கதுமான திருத்தம் ஒன்று உண்டு. 60-ஆம் பிரிவின் கூலி விலக்கில், சம்பளத்துக்கு ஏற்கெனவே செய்துள்ள வேறுபாட்டைச் செய்ய வேண்டும்: கடன்காரனுக்கு எதிராகக் கூலி முழுவதும் காக்கப்படட்டும், பிள்ளைப் பேணுகைக்கு மட்டும் ஒரு பங்கு திறக்கப்படட்டும். சம்பளத்துக்குரிய மூன்றில் இரண்டு பங்கை அப்படியே கூலிக்கு வைக்கச் சொல்லவில்லை. வேலையில்லாத நாளும் மழை நாளும் உள்ள வருவாய் அது. மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது நம் கருத்து. நாம் எடுத்த கற்பனைக் குடும்பத்தில் அது மாதம் 5,133 ரூபாய். பங்குமுறை சொல்லும் 6,160-க்குக் குறைவுதான். ஆனால் பிள்ளை இன்று ஜப்தி வழியாகப் பெறக்கூடியது ஒன்றுமில்லை என்பதை நினைக்க வேண்டும். பணிக்கொடைக்கும் வைப்பு நிதிக்கும் இதே வேறுபாட்டை நீட்டலாம்.

கூலியைத் தருபவர் மாறிக்கொண்டே இருக்கும்போது யாரிடம் ஜப்தி உத்தரவைச் சேர்ப்பது என்ற தடை எழும். கட்டடத் தொழிலாளருக்கு நல வாரியம் ஒரு நிலையான முகவரி. வாரியம் பதிவுபெற்றவருக்குத் தரும் உதவித்தொகைகளில், பேணுகை உத்தரவு நிலுவையில் உள்ளவரின் பிள்ளைக்கான கல்வி உதவியை வளர்க்கும் தாயின் கணக்குக்கே நேரே செலுத்த விதி செய்யலாம். இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. மாநில விதித் திருத்தம் போதும். தங்க வயல் நீதிமன்றத்தில் பேணுகை மனுவோடு தந்தையின் வாரியப் பதிவு எண்ணையும் இ-ஷ்ரம் எண்ணையும் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் தொடங்கினால், அளவீட்டுக்கும் கைசேர்ப்புக்கும் ஒரே தாள் உதவும். சட்ட உதவிக் குழுவின் வழக்கறிஞர்கள் அந்த எண்களைக் கேட்டு மனுவில் ஒரு பத்தி சேர்ப்பதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை.